சிற்றிலுக்குள் வந்த இயந்திரம்: இன்ஸாய் கேமும் ஜெனரேட்டிவ் ஏஐ சர்ச்சையும்

2025 மார்ச் கடைசி வாரத்தை நினைவிருக்கிறதா? சாட்ஜிபிடியில் புதிதாக வந்த படம் வரையும் வசதியை வைத்துக்கொண்டு ஊரே தன் குடும்பப் படங்களைக் கிப்லி பாணிக்கு மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. கல்யாண போட்டோ முதல் கட்சித் தலைவர் போட்டோ வரை எதுவும் தப்பவில்லை. அதே வாரம் 28ஆம் தேதி, தென் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் இன்ஸாய் என்ற கேமைக் கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வெளியிட்டது. பிஜிஎம்ஐ விளையாடும் நம்மூர்ப் பையன்களுக்குப் பழகிய அதே கிராஃப்டன்தான். முழுதாக முடியாத கேமை முன்கூட்டியே விற்று, விளையாடுபவர்களின் கருத்தைக் கேட்டு வளர்க்கும் 'எர்லி அக்சஸ்' முறை. விலை 39.99 டாலர். ஒரே வாரத்தில் பத்து லட்சம் பிரதிகள் விற்றுவிட்டதாக நிறுவனம் அறிவித்தது.

வீடு, குடும்பம், அன்றாடம் என்று ஒரு சின்ன வாழ்க்கையை நடத்தி விளையாடும் வாழ்க்கைச் சிமுலேஷன் கேம்களில், கேட்டால் படமும் எழுத்தும் தானே உருவாக்கித் தரும் ஜெனரேட்டிவ் ஏஐ வருவது பற்றிய அச்சங்களை ஆராய இதைவிடப் பொருத்தமான நிகழ்வு இல்லை. அச்சத்தில் பேசப்பட்டவை எல்லாம் இந்த ஒரே கேமுக்குள் இருக்கின்றன: எழுதினால் துணி டிசைன் வரையும் பெட்டி, போட்டோவைக் கொடுத்தால் பொருளாக மாற்றித் தரும் கருவி, தன் போக்கில் யோசிப்பதாகச் சொல்லப்படும் பாத்திரங்கள். எதிர்ப்பும் இருந்தது, நிறுவனத்தின் பதிலும் இருந்தது. அந்தப் பதில் கேள்வியின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தியது என்பது என் கருத்து. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறு ஒப்பீடு. வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு, முன்னோட்டமாகக் கொடுத்த படைப்புக் கருவியில் டெனுவோ என்ற திருட்டுத் தடுப்பு மென்பொருள் ஒளிந்திருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். கேமை மெதுவாக்கும், ரசிகர்கள் கேமைத் தங்கள் விருப்பப்படி மாற்றும் 'மோட்' வேலையைத் தடுக்கும் என்று டெனுவோவுக்கு நெடுநாளாகவே கெட்ட பெயர். கூச்சல் எழுந்தது. இயக்குநர் கிம் ஹியோங்ஜுன் (ரசிகர்களுக்கு 'கேஜுன்') மன்னிப்புக் கேட்டு அதை நீக்கினார். சில நாளில் விஷயம் முடிந்தது. ஏஐ பற்றிய முணுமுணுப்பு அதற்கு முன்பே தொடங்கி அதற்குப் பின்பும் நீண்டது. ஆனால் ஏஐ நீக்கப்படவில்லை. ஒன்றைக் கழற்றிவிடலாம், இன்னொன்று விளம்பரத்தின் நடுநாயகமே அதுதான். நிறுவனம் எதில் வளைந்துகொடுக்கும், எதில் கொடுக்காது என்பது அந்த இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

பழைய ஏஐ, புதிய ஏஐ

"இந்த வகை கேமில் ஏஐ எப்போதும் இருந்ததுதானே, இப்போது மட்டும் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் சொல்ல 2000க்குப் போக வேண்டும்.

1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப் பகுதியில் மூண்ட பெருந்தீயில் வில் ரைட் என்பவரின் வீடு எரிந்தது. சிம்சிட்டி கேமை உருவாக்கியவர். எல்லாம் போனபின் ஒவ்வொரு பொருளாகத் திரும்ப வாங்க வேண்டிய நிலை. எது தேவை, எது தேவையில்லை, ஒரு நாற்காலி மனிதனுக்கு உண்மையில் என்ன தருகிறது என்று யோசிக்க வைத்த அந்த அனுபவம், மேக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கி 2000 பிப்ரவரியில் வெளிவந்த சிம்ஸ் கேமில் முடிந்தது.

அதன் உள்வேலை எளிமையானது, அழகானதும்கூட. கேமில் வாழும் மனிதரின் பெயர் 'சிம்'. சிம்முக்குப் பசி, தூக்கம், சுத்தம், உறவு என்று சில தேவைகள். வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் சந்தைக்காரியைப் போலக் கூவிக்கொண்டே இருக்கும். குளிர்பதனப் பெட்டி 'என்னிடம் வா, பசியாற்றுகிறேன்' என்கிறது. கட்டில் 'என்னிடம் வா, தூங்கலாம்' என்கிறது. எந்தக் குரல் அந்த நேரத்துத் தேவைக்கு அதிகம் பொருந்துகிறதோ அங்கே சிம் நடக்கிறது. புத்தி சிம்மிடம் இல்லை, பொருள்களில் இருக்கிறது. இதையும் கேம் உலகில் ஏஐ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதன் ஒவ்வொரு எண்ணையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். தப்பு நடந்தால் எந்த வரியில் தப்பு என்று காட்டலாம்.

பேச்சு விஷயத்தில் ரைட் எடுத்த முடிவு இன்னும் முக்கியமானது. உண்மையான மொழியில் பேசவைத்தால் பத்து நிமிடத்தில் அதே வசனம் திரும்பத் திரும்ப வந்து சலித்துவிடும். சில உலக மொழிகளைக் குழைத்துப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் ஸ்டீஃபன் கெரின், ஜெரி லாலர் என்ற இரண்டு நடிகர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று அர்த்தமில்லாத ஒலிகளைக் கோபமாக, கொஞ்சலாக, அழுகையாகப் பேசினார்கள். அதுதான் சிம்லிஷ். அர்த்தம் இல்லாததால் அர்த்தம் முழுக்க விளையாடுபவரின் பொறுப்பு. இரண்டு சிம்கள் சமையலறையில் சண்டை போட்டால் எதற்காகச் சண்டை என்று முடிவு செய்வது நாம்.

நம்மிடம் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது. சிற்றில். மணலில் சிறுமிகள் கட்டும் சின்ன வீடு. பிள்ளைத்தமிழில் அதற்கென்றே ஒரு பருவம். மண்ணே சோறு, இலையே பாத்திரம், மரப்பாச்சியே மாப்பிள்ளை. மரப்பாச்சிக்கு முகபாவம் கிடையாது. அதனால்தான் ஒரே மரப்பாச்சி காலையில் மாமியாராகவும் மாலையில் மருமகளாகவும் இருக்க முடிகிறது. சிம்ஸ் அந்த விளையாட்டின் கணினி வடிவம்தான்.

பெட்டியைத் திறந்தால்

இன்ஸாயில் வரும் மனிதர்களின் பெயர் 'ஸாய்'. அன்ரியல் 5 எஞ்சினில் செய்ததால் தோலும் துணியும் தலைமுடியும் நிஜம்போல இருக்கும். தொடக்கத்தில் இரண்டு நகரங்கள்: சியோலை நினைவூட்டும் டோவொன், கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவை நினைவூட்டும் பிளிஸ் பே. இந்த வகை கேமுக்குப் பத்தாண்டாகக் கிட்டத்தட்ட ஒரே கடைதான் இருந்தது. சிம்ஸ் 4 வந்தது 2014இல். போட்டியாக வரவிருந்த லைஃப் பை யூ என்ற கேமைப் பாரடாக்ஸ் நிறுவனம் 2024 ஜூனில் கைவிட்டது. அந்த வெறுமையில்தான் இன்ஸாய் வந்தது. எதிர்ப்பாளர்கள் பலரும் முதலில் ஆசையாகக் காத்திருந்தவர்களே என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஏஐ கருவிகள் இரண்டு வகை. ஒன்று, பொருள் செய்பவை. சட்டைக்கோ சுவருக்கோ என்ன டிசைன் வேண்டும் என்று எழுதினால் படம் வரும். அதை அப்படியே துணியில் ஒட்டலாம். '3டி பிரின்டர்' என்ற கருவியில் ஒரு படத்தைப் போட்டால் அது முப்பரிமாணப் பொருளாகி வீட்டுக்குள் வைக்கக் கிடைக்கும். வீடியோவிலிருந்து உடல் அசைவை எடுத்து ஸாய்க்கு ஏற்றவும் வழி உண்டு.

இரண்டாவது வகை 'ஸ்மார்ட் ஸாய்'. இதை கிராஃபிக்ஸ் சிப் செய்யும் என்விடியாவும் கிராஃப்டனும் 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியையொட்டி அறிமுகப்படுத்தின. ஸாயின் குணத்தை நாமே எழுதலாம். ஒரு சிறிய மொழி மாடல் (எழுத்தைப் படித்து எழுத்தாகப் பதில் தரும் ஏஐ) அதைப் படித்து, அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும். தலைக்கு மேல் அதன் மன ஓட்டம் எழுத்தாகத் தோன்றும். நாள் முடிவில் நடந்ததை அசைபோட்டு மறுநாளைத் திட்டமிடும். அந்த மாடல் மிஸ்ட்ரல் நெமோ மினிட்ரான் குடும்பத்தைச் சேர்ந்தது. அளவு 50 கோடி பாராமீட்டர், அதாவது பயிற்சியில் சரிசெய்யப்படும் எண்கள். இன்றைய மாடல்களோடு ஒப்பிட்டால் கைக்குழந்தை. வேறு வழியில்லை: கிராஃபிக்ஸ் கார்டு ஏற்கெனவே நகரத்தை வரைவதில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும், மிச்சமிருக்கும் இடத்தில்தான் மாடல் ஒதுங்கி உட்கார வேண்டும். வெளியீட்டின்போது என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தால்தான் ஸ்மார்ட் ஸாய் ஓடும். அமைப்புகளுக்குள் போய் நாமே இயக்க வேண்டிய சோதனை வசதி அது.

ஒரு பதில், இரண்டு சொற்றொடர்

சண்டையின் மையம், மாடலுக்கு எதை ஊட்டி வளர்த்தார்கள் என்பது. இணையத்தில் ஓவியர்கள் போட்டதை அனுமதி கேட்காமல் அள்ளிப் பயிற்சி கொடுத்த மாடல்கள் மீது ஏற்கெனவே வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. இன்ஸாயும் அப்படித்தானா என்று ரசிகர்கள் கேட்டார்கள்.

டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் தன் பக்கத்தில் கிராஃப்டன் பதில் சொன்னது. சாரம் இது: எங்கள் ஏஐ எங்களுக்குச் சொந்தமான மாடல்களை அடிப்படையாகக் கொண்டது, அவை நிறுவனத்துக்குச் சொந்தமான, பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத படைப்புகளையும் தரவுகளையும் வைத்துப் பயிற்றுவிக்கப்பட்டவை, எல்லா ஏஐ வசதியும் விளையாடுபவரின் கணினியிலேயே இயங்குகிறது, வெளி சர்வருக்கு எதையும் அனுப்புவதில்லை.

நல்ல பதில். இந்தத் துறையில் பெரும்பாலானவர்கள் இந்த அளவுகூட வாய் திறப்பதில்லை. பலர் இதைக் கேட்டுச் சமாதானம் ஆனார்கள், ஆகட்டும். எனக்கு ஒரு இடத்தில் இடறியது.

துணி டிசைன் வரையும் கருவிக்கு அந்த விளக்கம் பொருந்தலாம். பல ஆண்டுகளாக கேம் செய்துவரும் நிறுவனத்திடம் சொந்தப் படங்கள் மலைபோலக் குவிந்திருக்கும். ஆனால் ஸ்மார்ட் ஸாய்? மிஸ்ட்ரல் நெமோ என்பது பாரிஸைச் சேர்ந்த மிஸ்ட்ரல் நிறுவனமும் என்விடியாவும் சேர்ந்து 2024 ஜூலையில் வெளியிட்ட, 1,200 கோடி பாராமீட்டர் கொண்ட மாடல். மினிட்ரான் என்பது அந்தப் பெரிய மாடலின் கிளைகளைக் கழித்து, மிஞ்சியதைப் பெரிய மாடலையே ஆசிரியராக வைத்து மறுபடி பழக்கி, சிறியதாக்கும் முறை. ஆக, ஸாயின் மூளை கிராஃப்டனின் தோட்டத்தில் விதை போட்டு முளைத்தது இல்லை; வேறொருவர் தோட்டத்து மரத்திலிருந்து வந்த ஒட்டுக்கன்று. அந்தத் தாய்மரத்துக்கு என்னென்ன எழுத்து உரமாகப் போனது என்ற முழுப் பட்டியல் பொதுவெளியில் இல்லை. இவ்வளவு பெரிய மொழி மாடல் எதுவானாலும் இணையத்தின் எழுத்தைப் பெருமளவில் படிக்காமல் வளராது.

நிறுவனம் பொய் சொன்னது என்று நான் சொல்லவரவில்லை. பதில் எழுதியவர் படம் சார்ந்த கருவிகளை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். அந்த மாடலைத் தங்கள் தரவில் மேலும் பழக்கியதையே 'எங்கள் மாடல்' என்று குறித்திருக்கலாம். ஆனால் 'எங்கள் ஏஐ' என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லும்போது இரண்டு வேறு பரம்பரைகள் ஒரே போர்வைக்குள் போய்விடுகின்றன. கேட்டவர்கள் பெரும்பாலும் ஓவியர்கள், ஓவியத்தைப் பற்றிக் கேட்டார்கள். எழுத்தைப் பற்றி யாரும் அழுத்திக் கேட்கவில்லை. எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது.

'சர்வருக்கு எதுவும் போவதில்லை' என்ற பாதியை நான் மதிக்கிறேன். இந்த வகை கேமில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தன்னைச் செய்கிறார்கள். பிரிந்துபோன காதலியைச் செய்கிறார்கள். இறந்துபோன அப்பாவைச் செய்து பக்கத்து அறையில் குடிவைக்கிறார்கள். அலுவலக மேலாளரைச் செய்து நீச்சல் குளத்தில் இறக்கி ஏணியை எடுத்துவிடுகிறார்கள். இவ்வளவு அந்தரங்கமான ஒன்றுக்குக் கொடுக்கும் போட்டோவும் எழுதும் குணக்குறிப்பும் வீட்டைத் தாண்டாமல் இருப்பது சிறிய விஷயம் இல்லை. மின்சாரம், தண்ணீர் பற்றிய கவலைக்கும் இதே பதில் ஓரளவு பொருந்தும்: வரையும்போது செலவாவது நம் வீட்டு மின்சாரம்தான். பயிற்சியின்போது ஆன செலவு தனிக் கணக்கு.

தையல்காரர்களும் தச்சர்களும்

சிம்ஸ் கேமை இருபத்தைந்து ஆண்டாகத் தாங்கிப் பிடித்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்கள். ரசிகர்கள் செய்யும் உடை, முடி, மேசை, ஜன்னல் திரை எல்லாவற்றையும் அந்த வட்டத்தில் சிசி என்பார்கள். கஸ்டம் கன்டென்ட் என்பதன் சுருக்கம். இதற்கென்றே இருக்கும் தி சிம்ஸ் ரிசோர்ஸ் என்ற தளம் முதல் கேம் வருவதற்கு முன்பே, 1999இல் தொடங்கியது. பேட்ரியான் தளத்தில் ரசிகர்களிடம் மாதச் சந்தா வாங்கி இதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் உண்டு. 2022இல் சிம்ஸை வெளியிடும் இஏ நிறுவனம் 'மோட்களைப் பணம் கட்டினால்தான் கிடைக்கும்படி பூட்டிவைக்கக் கூடாது' என்று விதி போட்டபோது பெரும் கலவரம். பின்னர், கொஞ்ச காலம் சந்தாதாரர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று தளர்த்த வேண்டியிருந்தது. பெண்கள் பெருமளவில் உழைத்து உருவாக்கிய ஒரு குடிசைத் தொழில் என்று இதைச் சொல்லலாம். கேம் உலகத்தில் இப்படி இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதனால்தான் 'துணி டிசைனை எழுதி வாங்கு' என்ற பெட்டி அவர்கள் கண்ணில் வேறு மாதிரித் தெரிந்தது. சண்டை கேமில் பாறைக்கு மேற்பூச்சை ஏஐ வரைந்தால் வருத்தப்படுபவர் சம்பளக்கார ஓவியர் ஒருவர். இங்கே வருத்தப்படுபவர் விளையாடுபவரே. விளையாட்டும் உழைப்பும் ஒருவரிடமே இருக்கின்றன.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பலமானது. எல்லோருக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருள் தெரியாது. வரையத் தெரியாத, நேரமில்லாத, கை நடுக்கமுள்ள ஒருவர் தன் பாட்டியின் கண்டாங்கிச் சேலைக் கட்டத்தை ஸாய்க்கு உடுத்த நினைத்தால் அந்தப் பெட்டி அவருக்கு வரம். கேஜுனும் தன் கேமில் எல்லோரும் படைப்பாளி ஆக வேண்டும் என்றுதான் சொல்லிவந்தார். எனக்கு இதில் மறுப்பு இல்லை. ஆனால் தனக்காகச் செய்துகொள்வதும் ஊருக்குப் பரப்புவதும் வேறுவேறு. இன்ஸாயில் 'கேன்வாஸ்' என்று ஒரு பகிரும் இடம் உண்டு. அரைநிமிடத்தில் வந்ததும் மூன்று வாரம் வரைந்ததும் அங்கே ஒரே அலமாரியில் அமர முடியும். பெருக்கத்தில் எது ஜெயிக்கும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

உரிமை யாருக்கு என்பதும் மங்கலாகவே இருக்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், ஏஐக்குக் கட்டளை (பிராம்ப்ட்) எழுதியது மட்டுமே ஒருவரைப் படைப்பாளி ஆக்கிவிடாது என்று சொன்னது. மறுபக்கம், 3டி பிரின்டருக்குள் யார் வேண்டுமானாலும் யாருடைய பொருளின் படத்தையும் போடலாம். பிரபல கைப்பை, கார்ட்டூன் பொம்மை, இன்னொரு சிசி கலைஞர் செய்த நாற்காலியின் ஸ்கிரீன்ஷாட். கருவி சுத்தமான தரவில் வளர்ந்ததாகவே இருக்கட்டும். வாசல் வழியே வருவது சுத்தமா என்பதை அந்த உறுதிமொழி தொடவில்லை. பயிற்சித் தரவைப் பற்றியே எல்லோரும் பேசி, உள்ளே போடும் படத்தை மறந்துவிட்டார்கள் என்பது இந்தச் சர்ச்சையில் நான் கண்ட பெரிய ஓட்டை.

குழந்தைகள் மேல் ஏறிய கார்

வெளியான ஒரு சில நாளில் இன்னொரு தலைவலி. காரை ஓட்டிக்கொண்டு போய்க் குழந்தைகள் மீது மோத முடிந்தது. அடிபட்ட உடல் துணிப்பொம்மைபோலத் தூக்கி எறியப்படும் காட்சி இணையத்தில் பரவியது. அது திட்டமிடாத பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்ட நிறுவனம் உடனே திருத்தம் வெளியிட்டது.

இதற்கும் ஏஐக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் இங்கே கொண்டுவருகிறேன். மனிதர் எழுதிய விதியில் ஒரு ஓட்டை, கண்டுபிடித்தார்கள், அடைத்தார்கள், திரும்ப வராது. இதே போன்ற ஒன்று மொழி மாடலிலிருந்து வந்தால்? 2025 மே மாதம் ஃபோர்ட்நைட் கேமில் ஸ்டார் வார்ஸ் பட வில்லன் டார்த் வேடரை ஏஐ குரலில் பேசவிட்டார்கள். படங்களில் வேடருக்குக் குரல் கொடுத்த நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் 2024இல் மறைந்தவர். குடும்பத்தின் சம்மதத்தோடு அவர் குரலைப் பயன்படுத்தினார்கள். சில மணி நேரத்துக்குள் ஆட்டக்காரர்கள் அந்தக் குரலைக் கெட்ட வார்த்தை பேச வைத்துவிட்டார்கள். நிறுவனம் விரைந்து ஒட்டுப் போட்டது. ஆனால் அது ஒரு வாசலுக்குப் போட்ட பூட்டுதான். மாடலுக்கு எத்தனை வாசல் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா அதே மாதம் தொழிலாளர் வாரியத்தில் புகார் கொடுத்தது. குரல் வேலையை ஏஐக்கு மாற்றுமுன் தங்களோடு பேரம் பேசவில்லை என்பது புகார்.

ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2024 ஜனவரியில் கொண்டுவந்த விதி இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டே எழுதப்பட்டது. கேம் தயாரிப்பின்போது ஏஐ செய்தது ஒரு வகை. விளையாடும்போது அந்தக் கணத்தில் ஏஐ செய்வது இன்னொரு வகை. இரண்டாவதற்கு, சட்டவிரோதமானது வெளிவராமல் என்ன தடுப்பு வைத்திருக்கிறீர்கள் என்று தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். விளையாடுபவர் கேமுக்குள்ளிருந்தே புகார் அனுப்பலாம். அந்தக் கணத்தில் ஏஐ உருவாக்கும் பாலியல் உள்ளடக்கத்துக்கு அனுமதியில்லை. இன்ஸாய் இரண்டு வகையிலும் வருகிறது. ஸ்டீம் பக்கத்தில் அறிவிப்பும் இருக்கிறது. ஆனால் அது தயாரிப்பாளர் தானே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். 'அசல் நெய்யில் செய்தது' என்று மிட்டாய்க்கடையில் எழுதி வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

யோசிக்கும் பொம்மையோடு என்ன விளையாடுவது?

மேலே சொன்னவை அறம், சட்டம், பிழைப்பு சார்ந்தவை. அடுத்தது விளையாட்டின் ரசனை சார்ந்தது. இதைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள். எனக்கோ இதில்தான் ஆர்வம் அதிகம்.

2023 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு, கூகுள் ஆய்வாளர்கள் சிம்ஸைப் பார்த்து உந்தப்பட்டு ஒரு சின்ன ஊரைக் கட்டினார்கள். பெயர் ஸ்மால்வில். 25 பாத்திரங்கள், ஒவ்வொன்றையும் மொழி மாடல் இயக்கியது. காதலர் தினத்துக்கு விருந்து வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் விதைத்தார்கள். அது வாய்வழியாகப் பரவி 12 பேருக்கு அழைப்பு போனது. ஐந்து பேர் வந்தார்கள். நம் வீட்டு விசேஷங்களின் கணக்கோடு ஒத்துப்போகிறது என்று சிரித்துக்கொண்டேன். இரண்டு நாள் சிமுலேஷனுக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவானதாகக் கட்டுரை சொல்கிறது.

அதே கட்டுரையில் ஆய்வாளர்கள் நேர்மையாக ஒப்புக்கொண்ட குறைகள் எனக்கு முக்கியம். பாத்திரங்கள் அளவுக்கு மீறிய மரியாதையோடு பேசின. கணவனும் மனைவியும் வீட்டுக்குள் அலுவலகக் கடிதம் எழுதுவதுபோலப் பேசிக்கொண்டார்கள். மற்றவர் எதைச் சொன்னாலும் பெரும்பாலும் ஒத்துக்கொண்டன. உதவி செய்யவே பழக்கப்பட்ட மாடல் அப்படித்தான் இருக்கும். சிம்ஸ் விளையாடிய யாருக்கும் தெரியும், அந்த விளையாட்டின் உயிரே பொறாமையிலும் புறணியிலும் தீய்ந்துபோன அடுப்பிலும் இருக்கிறது. எல்லோரும் பண்பாக நடக்கும் வீட்டில் கதை ஏது?

இன்ஸாயின் ஸ்மார்ட் ஸாய் இன்னும் சிறிய மாடல். அதனால் புதிதாக எதையும் செய்துவிட முடியாது. கேமில் ஏற்கெனவே செய்துவைத்த செயல்களின் பட்டியலிலிருந்து எது பொருத்தம் என்று தேர்ந்தெடுக்கும். ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று தலைக்கு மேல் எழுதிக் காட்டும். சிம்ஸில் குளிர்பதனப் பெட்டி கூவியதைக் கேட்டு நடந்த அதே நடைதான். இப்போது நடப்பவர் காரணத்தையும் சொல்லிக்கொண்டு நடக்கிறார். அந்தக் காரணத்தைக் கற்பனை செய்வதுதான் முன்பு நம் விளையாட்டாக இருந்தது.

ஏஐ புகுந்தாலே விளையாட்டு செத்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு பொறியாளர், நின்டெண்டோ கேம்கியூபின் பழைய அனிமல் கிராஸிங் கேமோடு மொழி மாடலை இணைத்துக் காட்டினார். கேமின் மூல நிரலைத் தொடாமல், நினைவகத்தில் வசனம் உட்காரும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே புது வசனத்தை எழுதினார். கிராமத்து விலங்குகள், வீட்டுக் கடன் கொடுத்து வசூலிக்கும் கடைக்காரர் டாம் நூக்குக்கு எதிராகக் கொடி பிடிக்கும் காட்சிகள் ஊரெங்கும் பரவின. அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு தனி ஆள், தனக்குப் பிடித்த பழைய பொம்மையைப் பிரித்து, என்ன செய்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு செய்த குறும்பு அது. நாற்பது டாலர் கேமின் விளம்பர வாசகமாக வரும்போது அதே தொழில்நுட்பத்துக்கு வேறு வாசனை.

அதற்குப் பின்

விற்பனை வேகம் நிலைக்கவில்லை. முதல் நாளில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் 80,000 பேருக்கு மேல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சில மாதங்களில் அது சில ஆயிரமானது. எர்லி அக்சஸ் கேம்களில் இது வழக்கம்தான், ஏஐயால் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. வீடு அழகு, ஆள் அழகு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே பரவலான குறை. ஆகஸ்டில் தீவுச் சுற்றுலா விரிவாக்கம் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள்.

2025 அக்டோபரில் கிராஃப்டன் தன்னை 'ஏஐ முதல்' நிறுவனம் என்று அறிவித்தது. ஏஐயை இயக்கும் ஜிபியு சிப்களின் கூடத்துக்குச் சுமார் 10,000 கோடி வோன் முதலீடு. அடுத்த மாதமே ஊழியர்களுக்கு விருப்ப விலகல் திட்டம் வந்தது. சில மாதம் முன்பு துணி டிசைன் பெட்டியைப் பற்றிக் கவலைப்பட்டவர்களை 'எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர்கள்' என்று கேலி செய்தவர்கள் அப்போது என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

சிம்ஸ் தரப்பும் அமைதியாக இல்லை. ஏஐ தங்கள் தொழிலின் நடுமையத்தில் இருப்பதாக இஏ தலைவர் ஆண்ட்ரூ வில்சன் 2024 செப்டம்பரில் முதலீட்டாளர்களிடம் சொன்னார். ஓராண்டு கழித்து, சவூதி அரசின் முதலீட்டு நிதியம், சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் ஆகியவை சேர்ந்து இஏவை 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தன. அதில் பெருங்கடன் அடக்கம். கடனை ஈடுகட்ட ஏஐ மூலம் செலவைக் குறைக்கும் எதிர்பார்ப்பு முதலீட்டாளர்களிடம் இருப்பதாகச் செய்திகள் வந்தன. இன்ஸாய் பிடிக்காமல் சிம்ஸுக்கே திரும்பிப் போகிறேன் என்று கிளம்பியவர்களுக்கு இது நல்ல சேதியாக இருந்திருக்காது.

தென் கொரியாவின் ஏஐ அடிப்படைச் சட்டம் 2026 ஜனவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. ஜெனரேட்டிவ் ஏஐ பயன்படுத்தும் சேவை அதைப் பயனருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அதன் விளைபொருளில் அடையாளம் இருக்க வேண்டும் என்கிறது அது. 'இங்கே ஏஐ இருக்கிறது' என்று சொல்ல வைப்பது இதன் எல்லை. ஸாயின் தலைக்கு மேல் ஓடும் வரிகள் யாருடைய எழுத்தைப் படித்து வந்தவை என்று அந்த அடையாளம் சொல்லாது. 3டி பிரின்டரில் போட்ட படம் யாருடையது என்றும் சொல்லாது.

சிம்லிஷுக்கு முதல் குரல் கொடுத்த இருவரில் ஜெரி லாலர் 2019 ஜனவரியில் காலமானார். பழைய சிம்ஸை நிறுவி, ஒரு பெண் சிம்மைப் பசியோடு விட்டுப் பாருங்கள். கையை ஆட்டிக்கொண்டு நம்மைப் பார்த்து எதையோ திட்டுவாள். என்ன திட்டினாள் என்று கேம் சொல்லாது.